பெட்டிக்குள் இருந்த பவுண்

என் தம்பியின் கலியாணத்தைக் கெடுத்தது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணம் கெட்டுப்போக எத்தனையோ பெரிய காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைச் சொன்னால் கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதைச் சொன்னால் சிரிப்பை அடக்குவதுபோல ஒரு முகம் வைத்துக்கொள்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, வவுணதீவையும் தாண்டி உள்ளே, வட்டை தொடங்குகிற இடத்தில் இருந்தது. வாசலில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வயல். வாவிக்கு அந்தப் பக்கம் ராணுவம், இந்தப் பக்கம் இயக்கம். மூத்தவள் நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அங்கேயே விடுதியில் இருந்ததால் தப்பியிருந்தேன். தம்பிக்கு அந்த வழியும் இல்லை. அவன் வயதுப் பெடியன் சென்றியை, அதுதான் சோதனைச் சாவடியை, கடந்து அந்தப் பக்கம் போனால் ராணுவம் பிடிக்கும். இந்தப் பக்கம் இருந்தால் சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தார் வந்து கேட்பார்கள். பக்கத்து வளவுகளில் கேட்டுவிட்டார்கள். எங்கள் படலைக்கு வருவது எப்போது என்பதுதான் மிச்சம்.

கலியாணம் முடித்தவனை அனேகமாக விட்டுவிடுவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. தாலி கட்டிய பெண் ஒருத்தி வாசலில் நின்று குழற, வந்தவர்கள் திரும்பிப் போனதை ஊர் கண்டிருந்தது. அது போதும். அந்த வருசம் மீசை சரியாக முளைக்காதவன் எல்லாம் மாப்பிள்ளை ஆனான். தம்பிக்கும் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். பெண் பிள்ளைகளையும் கேட்டுக்கொண்டிருந்ததால் அவள் வீட்டாருக்கும் அதே பயம், அதே அவசரம். காலையில் பொன்னுருக்கு, பின்னேரம் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டு என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் வைத்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருந்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

தாலிக்குப் பொன் உருக்குவது எங்களில் மாப்பிள்ளை வீட்டு வேலை. நல்ல நேரம் பார்த்து, இரண்டு பக்கச் சனத்துக்கும் முன்னால், சுவாமித் தட்டில் வைத்த பவுண் காசைப் பத்தர் எடுத்து அந்த இடத்திலேயே உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. மணப்பெண் மட்டும் அங்கே வரக்கூடாது. இதில் ஒரு குறையும் வராமல் செய்ய வேண்டும் என்று அப்பா நின்றார். அவசரக் கலியாணம் என்று நாளைக்கு ஒருவரும் இளக்காரமாகப் பேசிவிடக் கூடாதாம்.

ஆனால் உருக்குவதற்கு வீட்டில் பொன் இல்லை. அம்மாவின் நகையெல்லாம் முந்தின இடப்பெயர்வில் போயிருந்தது. அப்போதுதான் இங்கிலாந்தில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, மருமகனுக்குக் கலியாணப் பரிசாக ஒரு பவுண் அனுப்புவதாகச் சொன்னார். அவருக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம். டவுனில் இருந்த தொலைபேசிக் கடைக்கு நான்தான் போய் அவரோடு பேசினேன். "அதப் பெட்டியோடயே வச்சிருக்கச் சொல்லு. திறந்தா அதுக்கு மதிப்பில்ல" என்றார். நான் அதை அப்படியே வந்து சொன்னேன். அம்மாவுக்குப் பவுண் என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. தாய்மாமன் தந்த பவுணில் தாலி என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று சுவாமி அறையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அங்கிருந்து வந்த ஒருவரின் கையில் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனதும் நான்தான். தடித்த, தெளிந்த பிளாஸ்டிக். நடுவில் வெள்ளை வளையத்துக்குள் பவுண் நின்றது, ஒரு பக்கம் ராணியின் தலை, மறு பக்கம் குதிரைக்காரன். மேலே ஒரு துண்டில் நீளமான இலக்கம், பக்கத்தில் மினுங்குகிற ஸ்டிக்கர். காசு உண்மையானது, இன்ன தரமானது என்று அடைத்துக் கொடுக்கிற பெட்டி. வவுணதீவுச் சென்றியில் நின்ற ராணுவக்காரப் பெடியனுக்கு அந்த இலக்கம் பிடிக்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தான், காதருகே வைத்துக் குலுக்கினான், விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினான். "மகுல், மகுல்" என்று கலியாணத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை நான் சொல்லிக்கொண்டு நின்றேன். அவன் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். அதைத் திறக்கப் பார்த்த முதல் ஆள் அவன்தான். அவனால் முடியாமல் போனதை நான் அப்போது ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"ஆரும் தொடப்படாது. நேரத்துக்குத்தான் வெளிய வரவேணும்" என்றாள்.

தம்பி மட்டும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மீன் வளக்கலாம் போல இரிக்கும்மா" என்று பகிடி விட்டான். அம்மா கையில் ஒன்று போட்டாள். அவன் எதற்கும் பகிடி விடுகிறவன். இயக்கத்துக்குப் பயந்துதான் கட்டுகிறான் என்று அவனை யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்காகவும் கொஞ்சம் கூடச் சிரித்தான் என்று நினைக்கிறேன். ஆக, பொன்னுருக்கு நாள் வரை அந்தப் பெட்டியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. தாலிப் பொன்னை நேரத்துக்கு முன் எடுத்து அளையக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அந்த வீட்டில் அம்மாவின் கட்டளையை மீற ஆள் இல்லை.

அன்றைக்குக் காலையில் டவுனிலிருந்து பத்தர் வந்தார். தாலியை அங்கேயே அடித்துத் தந்துவிட்டு, சென்றி மூடுவதற்கு முன் அவர் திரும்பிப் போக வேண்டும். முற்றத்தில் பந்தல். சிரட்டைக்கரியை மூட்டி ஊதுகுழலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் தட்டில் இருந்தன. தம்பி வேட்டி கட்டி, திருநீறு பூசி, அப்பாவுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தான். பெண் பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் முன்னால் இருந்தார். கறுவல், கனத்த குரல், நேரம் பார்த்துக் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான். நல்ல நேரம் தொடங்கியதும் அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்துத் தட்டில் வைத்தாள். சனம் எட்டிப் பார்த்தது. பத்தர் பெட்டியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது எப்பிடித் திறக்கிற?" என்று கேட்டார்.

"சவுக்காரப் பெட்டி மாதிரித்தான் இரிக்கும். இழுங்க" என்றார் அப்பா.

பத்தர் இழுத்தார். அப்பா வாங்கி இழுத்தார். தம்பி வாங்கிப் பல்லில் வைத்துக் கடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதில் மூடியும் இல்லை, கொக்கியும் இல்லை. இரண்டு பாதியையும் ஒன்றாக ஒட்டவைத்து மூடியிருந்தார்கள். அப்பா மடக்குக் கத்தியை எடுத்து விளிம்பில் வைத்தார். அம்மா உடனே தடுத்தாள். தாலிப் பொன்னில் இரும்பு படக்கூடாதாம். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று நான் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு இருந்தது. அதனால் பெட்டியை உரலுக்கு மேல் வைத்து உலக்கையால் குத்தினார்கள். அது துள்ளிப் பந்தலுக்கு வெளியே போய்க் கோழிக்குள் விழுந்தது. தேடி எடுத்து வந்து மறுபடி குத்தினார்கள். ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான்.

சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. பெண்ணின் மாமன் மணிக்கூட்டைப் பார்த்தார். "மச்சான், நேரம் போகுது" என்றார். அப்பாவுக்கு வியர்த்துக்கொட்டியது. பித்தளைப் பாக்குவெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கீறல் விழுந்த மூலையை அதற்குள் கொடுத்து நெரித்தார். பாக்குவெட்டியின் பிடி கழன்று அவர் கையோடு வந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் இரும்புக் கதையை அவர் காதில் எடுக்கவில்லை. கூரைக் கிடுகில் செருகி வைத்திருந்த இரும்பறுக்கிற பிளேட்டை இழுத்து எடுத்தார். அதற்குப் பிடி இல்லை. ஒரு நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டார். தம்பி பெட்டியை உரலோடு அழுத்திப் பிடித்தான், அப்பா அறுத்தார்.

அறுபட்டது. பிளாஸ்டிக் தூள் வெள்ளையாகக் கொட்டியது. எனக்கு அந்த நேரம் நிம்மதியாக இருந்ததை ஒளிக்கவில்லை. அப்போது பிளேட் வழுக்கித் தம்பியின் கையில் ஏறியது. இடக்கை, பெருவிரலின் அடி. அவன் கையைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். ரத்தம் பெட்டியில் வடிந்து, அறுத்த வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, ராணியின் தலையில் பட்டது. பெண் பக்கத்துச் சனத்தில் ஒரு கிழவி "சிவ சிவா" என்றாள். அவ்வளவு நேரமும் ஒருவரும் சொல்லாமல் இருந்ததை அந்த ஒரு சொல் சொல்லிவிட்டது.

அம்மா சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். அப்பாவுக்கு வெறி பிடித்ததுபோல ஆகிவிட்டது. பெட்டியைத் தூக்கிப் பத்தரின் நெருப்புக்குள் போட்டார். "ஐயோ, வேணாம்" என்று பத்தர் கத்துவதற்குள் அது பற்றிவிட்டது. கறுத்த புகை. பந்தல் முழுக்க நாற்றம். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பியது. பத்தர் குறட்டால் அதை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டார். வெந்த பிளாஸ்டிக் பாகுபோலப் பவுணில் ஒட்டிக் கிடந்தது. பத்தர் அதைச் சுரண்டிச் சுரண்டிப் பிரித்தார். கடைசியில் பவுண் வெளியே வந்தது. ராணியின் முகம் கரி. இப்படியாக அதைப் பெட்டியிலிருந்து எடுத்தோம்.

நல்ல நேரம் முடிந்திருந்தது.

"பொன்னுக்கு ஒண்டும் நடக்கல்ல. உருக்கினாச் சரி" என்றார் பத்தர்.

"உருக்குங்க. நேரத்தப் பாக்க வேணாம்" என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பொம்பிளைப் பிள்ளை அந்த இடத்தில் வாய் திறப்பதே பிழை என்று எனக்குத் தெரியும்.

பெண்ணின் மாமன் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துப் பேசினார். "ரத்தம் பட்ட பொன், மச்சான். நேரமும் தப்பிட்டு. இதில தாலி அடிச்சு எங்கட புள்ளைக்குக் கட்டேலா. நாளைக்கு அவளுக்கு ஒண்டு எண்டா ஆரு பதில் சொல்ற?"

அப்பா கீழே கிடந்த பிளேட்டை எடுத்துக் கிடுகில் திரும்பச் செருகினார். தம்பி மட்டும், "எனக்கெண்டா ஒண்டும் இல்ல மாமா. சும்மா சிரட்டைல செஞ்சு கட்டினாலும் சரி" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று முடிவானது. பவுணைப் பாலில் கழுவி, அதுவரை சுவாமிக்கு முன்னால் வைப்பது. கலியாணத்தையும் அன்றைக்கே வைப்பது. பத்தர் சாமான்களைக் கட்டிக்கொண்டு சென்றி மூடுமுன் போய்விட்டார். சமைத்த சோற்றைச் சனம் சாப்பிட்டுவிட்டுப் போனது. துவக்கோடு வருகிறவர்களுக்குப் பயந்து தொடங்கிய கலியாணம், நாலு பேரின் வாய்க்குப் பயந்து நின்றது. இதை நினைக்கும்போது அந்தக் காலத்தில் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். இப்போது நினைத்தால் பசி எடுக்காத நேரத்தில் சோற்றைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இயக்கத்தார் வந்தார்கள். பட்டப்பகல். இரண்டு மோட்டார் சைக்கிள். தம்பி கிணற்றடியில் ஒற்றைக் கையால் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றான். வந்தவர்களில் மூத்தவன் மரியாதையாகத்தான் கதைத்தான். அப்பா அவனுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

"கலியாணம் எண்டு கேள்விப்பட்டம். முடிஞ்சிட்டா ஐயா?"

"வாற வெள்ளிக்கிழம" என்றார் அப்பா. பந்தலைக் கையால் காட்டினார். அது அப்போதும் பிரிக்காமல்தான் நின்றது.

"அப்ப முடியல்ல."

அம்மா ஓடிப்போய்ச் சுவாமி அறையிலிருந்து பவுணை எடுத்து வந்து அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். இந்தா, தாலிப் பவுண், இந்தா, உருக்கத்தான் வச்சிரிக்கு, இந்தா, என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அதைப் பார்த்தான். ஒரு பவுண் காசு. பாலில் கழுவியும் கரி போகாத காசு. அதைப் பார்த்து அவன் என்ன செய்வான்? கழுத்தில் தாலியோடு ஒருத்தி வாசலில் நின்றிருந்தால் கதை வேறு.

"கையில என்ன?" என்று தம்பியிடம் கேட்டான்.

"ஒரு பெட்டி திறந்த" என்றான் தம்பி.

"அங்க மருந்து கட்டுவாங்க. வாங்க."

தம்பி சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அம்மா படலையில் விழுந்து கிடந்தாள். "எழும்புங்கம்மா, மண்" என்றான். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறினான். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் அவன் போனதால் அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அது அந்த நேரமே என் மனதில் ஓடியது. அழுகை வரவில்லை. பிறகு கிணற்றடிக்குப் போய் அவன் அள்ளி வைத்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமையே பெண்ணின் வீட்டார் அவளை அவளுடைய மச்சான் முறையான ஒருவனுக்குக் கட்டிவைக்க ஓடித்திரிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெடியன் வீட்டில் குண்டுமணிப் பொன் இல்லை. அம்மா யாரிடமும் கேட்காமல் பவுணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்து போய் அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "அவளையாவது அவங்க விடட்டும்" என்றாள். ரத்தம் பட்ட பொன் என்று அந்த மாமன் இந்த முறை சொல்லவில்லை. நேரமும் பார்க்கவில்லை. டவுனில் பத்தரின் பட்டறையில், ஒருவரும் கூடி நிற்காமல், ஒரு தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் அது உருகி முடிந்ததாம். பத்தரே என்னிடம் சொன்னார். நான் ஓம் என்று கேட்டுவிட்டு வந்தேன். அவளைக் கேட்டு இயக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

அடுத்த வெள்ளாமை அறுத்து முடிந்த காலத்தில் தம்பியின் பெட்டி வந்தது. இயக்கத்தார் டிராக்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மரப்பெட்டி, சுற்றிவரத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். மேலே ஒரு படம் வைத்திருந்தார்கள், படம் அவனுடையதுதான். அதற்குக் கீழே ஒரு துண்டில் இலக்கம். திறக்கக் கூடாது என்றார்கள். திறந்து பார்க்கிற நிலையில் இல்லை என்று இளையவன் ஒருவன் மெதுவாகச் சொன்னான். கொஞ்ச நேரம் வீட்டில் வைத்திருந்துவிட்டு அவர்களே கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள் என்றார்கள்.

சனம் நிறைந்திருந்தது. அந்தப் பெண்ணும் வந்தாள். வயிற்றில் பிள்ளை. சேலைத் தலைப்பால் கழுத்தை மூடியிருந்தாள். கூட்டத்துக்குள் வராமல் வேலியோரம் நின்றவள், நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டாள்.

"எந்தக் கை அக்கா வெட்டுப்பட்ட?"

அவளுக்கு அது தெரிய வழியில்லை. பொன்னுருக்குக்கு மணப்பெண் வருவதில்லையே.

"இடக்கை. பெருவிரலுக்குக் கீழ" என்றேன்.

அதை அப்பாவும் கேட்டார். அவர் அதுவரை திண்டாடிப்போய் ஒரு மூலையில் இருந்தார். எழும்பினார். கூரைக் கிடுகுக்குள் கையை விட்டு அந்தப் பிளேட்டை இழுத்து எடுத்தார். ஒரு நுனியில் சுற்றிய துணி அப்படியே இருந்தது, அதில் கறுப்பாகக் காய்ந்த கறையும் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"முகத்தப் பாக்கல்ல. கைய மட்டும் பாக்கிறன். ஒரு கை. அது அவன்தானா எண்டு பாக்கிறன்" என்றார்.

கொண்டுவந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தடுக்கவில்லை. அவர் கையில் பிளேட்டைக் கண்டதும் ஊர்ச் சனம் ஒதுங்கி வழி விட்டது. அவர் கேட்டது நியாயம். எனக்கும் பார்க்க வேண்டும்போலத்தான் இருந்தது. வேறு எந்தத் தாய் தகப்பனுக்கும் இல்லாத ஓர் அடையாளம் எங்களிடம் இருந்தது. அப்பா தன் கையாலேயே போட்ட அடையாளம்.

அவர் மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் பிளேட்டை வைத்தார். அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். பெட்டி வந்ததிலிருந்து அதன் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தவள்.

"வேணாம்" என்றாள்.

"கைய மட்டும்" என்றார் அப்பா.

"அது மூடியே கிடக்கட்டும். நீங்க திறந்தாப் பிறகு எனக்குப் பிள்ள இல்ல."

அப்பா இடுக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு பிளேட்டை அந்தத் துணியோடேயே இருந்த இடத்தில் திரும்பச் செருகினார். பெட்டியை மூடியபடியே கொண்டுபோனார்கள். அதற்குள் இருந்த கையில் தழும்பு இருந்ததா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா திவசம் கொடுக்க விடுவதில்லை. பின்னேரத்தில் படலைப் பக்கம் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவள்தான் முதலில் எழும்பிப் போகிறாள்.